கண்ணைக் கட்டிக்கொண்டு இரண்டு கிட்டார்

கண்ணாடிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்ச நேரம் கூடமாட இருக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கை இரண்டும் நன்றாக இருந்தால் போதும். அப்படி ஓர் ஆள்கூடத் தனக்கு இல்லை என்று அந்த வாரம்தான் அவருக்கு உறைத்தது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துகிற வேலை அவருக்கு. கல்லூரி நாட்களில் எலக்ட்ரிக் கிட்டார் வாசித்தவர். வாசிப்பு விட்டுப்போனாலும் கிட்டாரைப் பிரித்துப் பார்க்கிற பைத்தியம் விடவில்லை. தெரிந்த இசைக்கருவிக் கடைக்காரர் ஒருவருடைய இணையதளத்தில், எந்தக் கிட்டாரின் மரவேலை எப்படி, எதன் வயரிங் மட்டம் என்று மாதம் ஒன்று எழுதுவார். படிக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் எல்லாரும் சண்டைக்காரர்கள். "இவருக்கு வெளிநாட்டு முத்திரையைப் பார்த்தாலே நாக்குல எச்சில் ஊறும்" என்று ஒருவர் போன மாதம் எழுதிவிட்டுப் போனார்.

அதில்தான் கடைக்காரருக்கு ரோசம் வந்தது.

"இந்தத் தடவை ரெண்டையும் ஒண்ணாத் தர்றேன். ஒண்ணு இறக்குமதி, ஒண்ணு நம்ம நாட்டுக் கம்பெனி. ஒரே வடிவம், ஒரே கறுப்பு. பிரிங்க, அளங்க, என்னமோ பண்ணுங்க. ஆனா கடைசியில கண்ணைக் கட்டிட்டு வாசிச்சுப் பார்த்து எழுதணும். யாராவது மாத்தி மாத்தி எடுத்துக் குடுக்கட்டும். வீட்ல சொன்னா செய்ய மாட்டாங்களா என்ன?"

"செய்வாங்க, செய்வாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் யாரும் இல்லை. விவாகரத்தாகி நான்கு வருடம். பெரிய சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு குறைந்து குறைந்து, ஒரு நாள் மனைவி "நான் எங்க அம்மா வீட்டுக்கே போயிடறேன்" என்று சொன்னபோது, அதுகூட இருவரும் பேசி முடித்த விஷயம் போலத்தான் இருந்தது. பிள்ளைகள் இல்லை. சாப்பாட்டு மேசையில் நான்கு நாற்காலி. ஒன்றில் மட்டும் மெத்தை அமுங்கியிருந்தது.

அந்த மேசைமேல் பழைய போர்வையை விரித்து இரண்டு கிட்டாரையும் படுக்கவைத்தார். வேலை முடிந்து வந்த மாலைகளில் கம்பிகளைக் கழற்றி, பின்பக்க மூடியைத் திறந்து பார்த்தார். இறக்குமதிக் கிட்டாரின் உள்ளே வயர்கள் வகிடெடுத்துச் சீவியது போல இருந்தன. உள்நாட்டுக் கிட்டாரில் பற்றவைத்த ஈயம் கொழகொழவென்று வழிந்திருந்தது, ஆனால் எந்த இணைப்பும் ஆடவில்லை. கழுத்து உடலோடு சேருகிற இடத்தில் ஒரு காகிதத்தைச் செருகிப் பார்த்தார். இறக்குமதியில் தாராளமாக உள்ளே போனது. மற்றதில் முனைகூட நுழையவில்லை. "அட" என்றார் வாய்விட்டு. அன்று கடையை விட்டு வந்தபின் அவர் பேசிய ஒரே சொல் அதுதான்.

கம்பிகளைத் திரும்ப மாட்டியாயிற்று. இனி கண்ணைக் கட்டுகிற வேலை மட்டும் பாக்கி.

சனிக்கிழமை அதைத் தனியாகவே செய்துபார்த்தார். துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு, கட்டில்மேல் கிடந்த கிட்டார்களை இடம் மாற்றி மாற்றி வைத்தார். எதை எங்கே வைத்தோம் என்பது கைக்கு மறக்கவே மாட்டேன் என்றது. தன்னையே இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு தடவினால் தெரியாமல் போகுமோ என்று சுற்றினார். முழங்கால் கட்டில் விளிம்பில் போய் நச்சென்று இடித்தது. துண்டை அவிழ்க்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்திருந்தார். யாராவது பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று தோன்றியது. சிரிக்கவும் ஆளில்லையே என்று அடுத்துத் தோன்றியது.

செல்போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனார். குழாய் ரிப்பேர், கேஸ், லென்ஸ் கம்பெனி, பல் டாக்டர். நடுவில் 'மச்சான் புது நம்பர்' வந்தது. மனைவியின் தம்பி. வேன் ஓட்டுகிறவன். கோர்ட்டில் பார்த்ததோடு சரி.

அழைத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"சொல்லுங்க..." என்றான். முன்பெல்லாம் அதன் பிறகு ஒரு 'மாமா' வரும். அந்த இடம் காலியாக இருந்தது.

விஷயத்தைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

"கண்ணைக் கட்டிட்டா?"

"ஆமா. நீ எடுத்து மடியில வெச்சா போதும்."

"நாளைக்கு வர்றேன்" என்றான் அவன், யோசிக்காமல்.

வந்தான். கொஞ்சம் பெருத்திருந்தான். ஒரு பிஸ்கட் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு, எந்த நாற்காலியில் உட்காருவது என்று தெரியாதவன் போல நின்றான். சின்ன ஆம்ப்ளிஃபையரில் வயரை எப்படிச் செருகுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு, கண்ணாடிக்காரர் துண்டைக் கட்டிக்கொண்டார்.

"சரியா தப்பான்னு இப்ப சொல்லாத. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லு."

முதல் கிட்டார் மடிக்கு வந்தது. கழுத்தின் பின்புறம் வழவழவென்று இருந்தது. "இறக்குமதி" என்றார். எடுத்துக்கொண்டு போனான். செருப்பில்லாத கால்கள் தரையில் நடக்கிற சத்தம். நாற்காலி நகர்கிற சத்தம். சமையலறையில் குழாய் திறந்து மூடியது. அவன் தண்ணீர் குடித்திருக்க வேண்டும். இந்த வீட்டில் அவர் திறக்காமல் ஒரு குழாய் திறந்து எத்தனை நாளாகிறது! துண்டுக்குள் கண் நனைந்தது. நல்லவேளை, தெரியாது.

அடுத்தது வந்தது. சொன்னார். அதற்கடுத்தது. போதும் என்று நிறுத்தியிருக்கலாம்.

"இன்னொரு தடவை" என்றார்.

"இன்னுமா?"

"இதுல ஒரு சந்தேகம்."

சந்தேகம் ஒன்றுமில்லை. அந்தக் காலடிச் சத்தம் வேண்டியிருந்தது. மறுபடி இன்னொரு தடவை கேட்டார். மச்சினன் முணுமுணுக்காமல் எடுத்துக் கொடுத்தான். பிறகு நடை நின்றுவிட்டது. ஆம்ப்ளிஃபையர் மட்டும் இரைந்தது.

"மாமா" என்றான்.

கண்ணாடிக்காரரின் விரல் கம்பியில் அப்படியே இருந்தது.

"அக்காவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். பதிவு மட்டும்தான், பெருசா ஒண்ணும் இல்ல. அவரு பேங்க்ல இருக்காரு. நல்ல மாதிரி. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு ஒரு வாரமா மனசுல உருட்டிட்டே இருந்தேன். நீங்களா கூப்பிட்டீங்க."

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அவன் துண்டைப் பார்த்துச் சொல்லிவிட்டான். கண்ணாடிக்காரர் துண்டை அவிழ்க்கவில்லை. ஒரு கம்பியைத் தட்டினார். அது அடங்கியதும் கேட்டார்.

"அவளே சொல்லச் சொன்னாளா?"

"இல்ல. அக்காவுக்குத் தெரியாது நான் வந்தது."

"சரி" என்றார். "சந்தோஷமா இருக்கட்டும்." நினைத்ததைவிடச் சுலபமாகவே அது வாயில் வந்தது. பிறகு, "இது உள்நாட்டுது" என்றார், கிட்டாரைத் தட்டி.

"இல்ல மாமா. இது வெளிநாட்டுது."

துண்டை அவிழ்த்தார். வெளிச்சம் கூசியது. மச்சினன் கணக்கைச் சொன்னான். சரியாகச் சொன்னதைவிடத் தப்பாகச் சொன்னதே அதிகம். வழவழப்பான கழுத்தெல்லாம் உள்நாட்டுக் கம்பெனியுடையது. இத்தனை வருடம் 'கை வைத்தாலே தெரியும்' என்று எழுதிவந்த மனிதர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்துவிட்டார்கள். டீ போட்டார். பிஸ்கட்டைப் பிரித்தார்கள். வேனைப் பற்றி, பெட்ரோலைப் பற்றிப் பேசினார்கள்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நடுவுல வர்றேன்" என்றான். அவன் கண் மாடிப்படியில் இருந்தது. இனி அவனுக்கு வேறொரு மாமா வந்துவிடுவார். அவர் வீட்டுக்குப் போகவே ஞாயிறுகள் சரியாக இருக்கும். கண்ணாடிக்காரருக்கு அது புரிந்தது, கோபம் வரவில்லை. "பார்த்துப் போ" என்றார்.

அந்த வாரமே எழுதி அனுப்பினார். வயரிங்கில் இறக்குமதி, மரவேலையில் உள்நாடு, கண்ணைக் கட்டினால் தன் கைக்கு வித்தியாசம் தெரியவில்லை, இதுவரை சொன்ன பெருமையெல்லாம் வீண் என்று ஒளிக்காமல் எழுதினார். உதவியவர் என்று ஒரு வரி போட வேண்டியிருந்தது. 'நண்பர்' என்று எழுதி அழித்தார். 'உறவினர்' என்று எழுதி அதையும் அழித்தார். கடைசியில் அந்த வரியையே எடுத்துவிட்டார்.

கிட்டார்களைத் திருப்பிக் கொடுக்க, தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். கூட்டம் முனகிக்கொண்டே வழிவிட்டது. பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒருத்தருக்கு ரெண்டு எதுக்குங்க?"

"ஒண்ணு என் மச்சானோடது" என்றார்.

"அவரும் வாசிப்பாரா?"

"இப்பத்தான் கத்துக்கறான்."

அம்மாள் தலையாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடிக்காரர் தான் இறங்குகிற நிறுத்தம் வரும்வரை இரண்டு கிட்டாரையும் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.