பர்கெவ் ஏன் வேனில் ஏறவில்லை

தொற்று பரவி எங்கள் முதியோர் மையத்தை மூடியதிலிருந்து, இரண்டரை வருஷமாக நாங்கள்தான் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். சாப்பாட்டுப் பெட்டியைக் கதவருகே வைத்து, மணியை அடித்துவிட்டு, தள்ளி நின்று கையசைப்போம். உடற்பயிற்சி டேப்லெட்டில், நலம் விசாரிப்பு போனில். இப்போது மாநில அரசு சொல்லிவிட்டது, செப்டம்பரோடு அந்தச் சலுகையெல்லாம் முடிந்தது என்று. இனி மையத்துக்கு நேரில் வருகிறவர்களுக்குத்தான் சேவை. வராதவர்களுடைய இடம் காத்திருக்கிற வேறு யாருக்காவது போய்விடும்.

எனக்கு அதில் வருத்தமில்லை. டேப்லெட்டில் "கையைத் தூக்குங்க" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போது எங்கள் கிழங்கள் கேமராவை விட்டத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டு, சோபாவில் சாய்ந்து வால்நட் உடைத்துத் தின்றுகொண்டிருந்தது எனக்குத் தெரியாதா? உடைக்கிற சத்தம் இங்கே கேட்கும். கேட்டால், மூட்டு சொடுக்குகிறது என்பார்கள்.

என் பெயர் ஷோகிக். அமெரிக்காவில், க்ளெண்டேலில் ஒரு முதியோர் பகல் மையத்தில் வேலை பார்க்கிறேன். காலையில் வேனில் போய் ஆட்களைக் கூட்டி வருவேன், பகலில் அவர்களோடு மாரடிப்பேன், பிற்பகலில் திரும்பக் கொண்டுபோய் விடுவேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் எங்கள் ஆர்மீனியர்கள். நிர்வாகி ரொவேனா மட்டும் பிலிப்பைன்ஸ்காரி. தங்கமான மனுஷி. அந்தத் தங்கம்தான் முதல் நாளே எங்களைச் சந்தி சிரிக்க வைத்தது.

மையம் மறுபடி திறந்த திங்கட்கிழமை, ரொவேனா வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவர் கையிலும் இரண்டு கார்னேஷன் பூக்களைக் கொடுத்தாள். ஆசையாகத்தான் கொடுத்தாள். ஆனால் எங்கள் ஊர்க்காரர் எவரிடமும் கேட்டுப் பாருங்கள். உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படையில்தான் பூக் கொடுப்போம். இரட்டைப்படை என்றால் கல்லறைக்கு, துக்க வீட்டுக்கு. முதலில் இறங்கிய கிழவி பூவைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அடுத்தவர், "என்னம்மா, இன்னைக்கேவா? சாப்பாடு போட்டுட்டு அனுப்பலாமே!" என்றார். ஆளாளுக்கு ஒரு பூவை உருவிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, மீதி ஒன்றோடு உள்ளே போனார்கள்.

ரொவேனாவின் கண் கலங்கிவிட்டது. நான் அவளைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, நான் எல்லாரையும் சாகச் சொன்ன மாதிரி ஆயிடுச்சே!" என்றாள்.

"பரவாயில்ல விடு. இனிமே ஒண்ணு, இல்லேன்னா மூணு. அவ்வளவுதான்."

அந்த வாரம் எல்லோரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், பர்கெவ் மாமாவைத் தவிர.

பர்கெவ் மாமா எண்பதைத் தாண்டியவர். யெரெவானில் டிராம் ஓட்டியவர். மனைவி போய்விட்டாள், பிள்ளை கனடாவில். சர்க்கரை வியாதிக்காரர். இடது கணுக்காலுக்கு மேலே ஒரு புண் ஆறாமல் கிடக்கிறது. சலுகைக் காலத்தில் எங்கள் நர்ஸ் அவர் வீட்டுக்கே போய்க் கட்டுப் போட்டாள். இனி அது கிடையாது. புண்ணை அடிக்கடி பார்த்துக் கட்டு மாற்றாவிட்டால் காலையே எடுக்க வேண்டி வரலாம் என்று நர்ஸ் அவரிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். ஆக, மையத்தில் இருக்கும் அத்தனை பேரிலும் கட்டாயம் வர வேண்டியவர் இந்த மனிதர்தான். அவர்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

தினமும் போன் செய்தேன். ஒரு நாள், "உங்க வேன்ல பெட்ரோல் நாத்தம்" என்றார். மறுநாள், "அங்க சூப்புல உப்பே கிடையாது." அதற்கு மறுநாள், "கால் வலிக்குது." கால் வலிக்காகத்தானே கூப்பிடுகிறோம் என்றேன். போனை வைத்துவிட்டார்.

மையத்தில் அவருடைய இடம் ஜன்னலோர மேஜை. எதிர்நாற்காலி மெருஜானுடையது. இரண்டு பேரும் பல வருஷமாக அந்த மேஜையில் நார்தி ஆடினார்கள். பகடையை உருட்டி, காயை மரப்பலகையில் ஓங்கி அறைந்து ஆடும் ஆட்டம். அறை விழாவிட்டால் எங்களுக்கு அது ஆட்டமே இல்லை. மெருஜான் தொற்றில் போய்ச் சேர்ந்தார், அந்த மோசமான ஜனவரியில். அவர் மனைவி சாதெனிக் அக்காவும் எங்கள் மையத்துக்கு வருகிறவள்தான். மகள் காரில் கொண்டுவந்து விடுவாள்.

சாதெனிக் அக்கா திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் கறுப்பு உடையில் வந்தாள். ஜன்னலோர மேஜைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை என் கையைப் பிடித்து, "எல்லாரும் வந்தாச்சா?" என்றாள்.

"ஒருத்தர் பாக்கி."

"ம்" என்றாள். யார் என்று கேட்கவில்லை. நானும் தோண்டவில்லை. அங்கேதான் எனக்குப் புத்தி மட்டு.

சனிக்கிழமை காலை நானே பர்கெவ் மாமாவின் அபார்ட்மென்ட்டுக்குப் போனேன். திட்டித் தீர்த்துவிட்டு வருவதாகத்தான் எண்ணம். கதவைத் திறந்தவர் என்னைப் பார்த்ததும் அடுப்பில் காபியை வைத்துவிட்டார். எங்கள் வீடுகளில் காபியைக் குடித்து முடிக்கும்வரை விருந்தாளி சண்டை போட முடியாது. கிழவர் கெட்டிக்காரர்.

கால் வீங்கியிருந்தது. கட்டு பழுப்பேறியிருந்தது.

"மாமா, இந்த மாசத்தோட உங்க பேரை எடுத்துடுவாங்க. அரசாங்கம் சொல்லிடுச்சு."

"அரசாங்கத்த எனக்கா காட்டுற? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே ரொட்டிக்கு வரிசையில நின்னவன் நான்."

"கால் போயிடும் மாமா!"

"போகட்டும். டிராமா ஓட்டப் போறேன்?"

நான் காபியைக் குடித்தேன். அவர் தன் கோப்பையைத் தொடவே இல்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"மெருஜான் வீட்டுலேர்ந்து வர்றாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சாதெனிக் அக்காவா? வர்றாங்க. ஏன்?"

"நான் போகல பொண்ணே."

"எங்க?"

"எங்கயும். அடக்கத்துக்குப் போகல. அப்போ பத்துப் பேருக்கு மேல விடல. வீட்டுக்குள்ளயும் யாரையும் சேக்கல. சரி, கதவு தொறக்கட்டும், நேர்ல போய் உக்காந்து சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஏழாம் நாள் போச்சு. நாப்பதாம் நாள் போச்சு. வருஷமும் திரும்பிச்சு. அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

அவருக்குச் சுர்ரென்று வந்துவிட்டது. "போன்லயா? 'கடவுள் அவன் ஆத்மாவுக்கு ஒளி குடுக்கட்டும்'னு போன்லயா சொல்றது? பீட்சாவா ஆர்டர் பண்றேன்? அவன் என் கூடப் பொறக்காத தம்பி!"

வேறு ஊர்க்காரர் யாராவது இருந்தால், இதென்ன பைத்தியக்காரத்தனம், இரண்டு வார்த்தையைப் போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வரவில்லை. துக்கம் கேட்பது நேரில் கேட்பது. ஆள் போய் நிற்க வேண்டும், உட்கார வேண்டும், அவர்கள் தருகிற காபியைக் குடிக்க வேண்டும். மரியாதையாகச் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தே இந்த மனிதர் சொல்லாமல் விட்டுவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

"சரி. சாதெனிக் அக்கா வர்றது திங்கள், புதன், வெள்ளி. நீங்க செவ்வாயும் வியாழனும் வாங்க. அவங்க கண்ணுல படாம காலுக்குக் கட்டுப் போட்டுக்கிட்டுப் போயிடலாம்."

கட்டுப் போட்ட காலைப் பார்த்தார். "சத்தியமா செவ்வாய்க்கிழம வரமாட்டாளே?"

"என் பசங்கமேல சத்தியம்."

திங்கட்கிழமை சாதெனிக் அக்கா வரவில்லை; மகளுக்கு ஏதாவது வேலையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை பர்கெவ் மாமா சவரம் செய்து, கோட்டு மாட்டி, நடைவண்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றார். வேனில் ஏறியதும், "பெட்ரோல் நாத்தம் இருக்கு, பாத்தியா?" என்றார். இல்லவே இல்லை. நான் அவருக்கு பெல்ட்டை மாட்டிவிட்டேன்.

மைய வாசலில் ரொவேனா காத்திருந்தாள். கடைசியாக வருகிறவர் என்பதால் அவருக்கென்றே சிவப்புக் கார்னேஷன் வாங்கி வைத்திருந்தாள். என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டே, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணி அவர் கையில் கொடுத்தாள். பர்கெவ் மாமா சிரித்தார். "இவளையும் ஆர்மீனியக்காரி ஆக்கிட்டியா?" என்றார் என்னிடம்.

கதவு திறந்தது. உள்ளே சாதெனிக் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

என் பிள்ளைகள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். ரொவேனாவின் பக்கம் திரும்பி, "இவங்க எப்படி இன்னைக்கு?" என்று பல்லைக் கடித்தேன்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் மகளைக் கூட்டிட்டு வந்து கேட்டாங்க. பர்கெவ் வந்தா பழைய ஆளுங்களோட திங்கட்கிழமைதான் வருவாரு, எனக்குச் செவ்வாய், வியாழன் மாத்திக் குடுன்னாங்க. நீதான் வேன்ல போயிட்டியே, சொல்ல மறந்துட்டேன்."

ஆக, இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒளிந்துகொள்ளப் போய் ஒரே மூலையில் வந்து முட்டிக்கொண்டார்கள்.

நார்தி மேஜையில் உருட்டின பகடையை யாரும் எடுக்கவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் சனிக்கிழமைவரை தெரியவில்லை. சாதெனிக் அக்கா முகத்தைத் திருப்பவில்லை. மடியில் கையைக் கோத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

பர்கெவ் மாமா நடைவண்டியைத் திருப்பினார். ஓடப்போகிறார், போனால் இனி வரமாட்டார், கால் போய்விடும் என்று பயந்துபோனேன். பின்னால் போய் வழியை மறித்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பூக்களைப் பார்த்தார். அதிலிருந்து ஒன்றை உருவி என் கையில் வைத்தார்.

மீதி இரண்டு பூக்களையும் நடைவண்டியின் கைப்பிடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அறையைக் கடந்து மெதுவாகப் போனார். முனகல் வந்தது, நிற்கவில்லை. சாதெனிக் அக்காவின் முன்னால் போய் நின்று, இரண்டு பூவையும் மேஜையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார்.

"கடவுள் அவன் ஆத்மாவுக்கு ஒளி குடுக்கட்டும்" என்றார். "வர முடியல சாதெனிக். அப்புறம் வெக்கமாயிடுச்சு."

அவள் இரண்டு பூக்களையும் நேராக்கி வைத்தாள்.

"அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா, ஊருல உள்ள அத்தனை பேரும் போன் பண்ணாங்க" என்றாள். "மெருஜான்கிட்ட அஞ்சு வார்த்த பேசாதவங்கல்லாம் பண்ணாங்க. நான் எடுக்கவே இல்ல. வாசல்ல யாராவது நிப்பாங்களான்னு ஜன்னல்லயே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ வந்து நிப்பேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன் பர்கெவ். உள்ள விடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? ரோட்டுல நின்னிருந்தாக்கூடப் போதும்."

பர்கெவ் மாமா குழந்தைபோல் அழுதார். எங்கள் பாஷையில் ரொவேனாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, அவளும் அழுதாள்.

"உக்காரு" என்றாள் சாதெனிக் அக்கா. "கால் வீங்கியிருக்கு. ஷோகிக், இவனுக்கு ஒரு காபி. சக்கர போடாத."

நான் காபி கொண்டுவந்தேன். அவர் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். குடித்து முடித்ததும் என் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்த மூணாவது பூ எங்க?"

என் கையில்தான் இருந்தது. தண்டு நசுங்கிப் போயிருந்தது.

"அத அவன்கிட்டயே குடு" என்றாள். "ஆளு உயிரோட இருக்கான்ல."

கொடுத்தேன். உள்ளேயிருந்து நர்ஸ் அவர் பெயரைக் கூப்பிட்டாள். ஒற்றைப் பூவைக் கையில் பிடித்தபடியே, பர்கெவ் மாமா காலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளப் போனார்.