அக்கா அடுக்கிய பை

"எம் பேரு எதுலயும் இல்லையே மாப்ளே. ரூம் வாசல்ல எழுதியிருக்கது ஓம் பேருதான?"

அத்தான் இதைச் சொல்லிவிட்டு மீன் துண்டிலிருந்து முள்ளை உருவித் தட்டோரம் வைத்தார். கொல்லத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த கள்ளுக்கடை. ஓலைக்கூரை, உப்புக்காற்று அரித்த மேசைகள், பலகையில் சிவப்பாகக் கடையின் எண். மூலையில் நான்கு மீன்காரர்கள் மேசையைத் தட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஒவ்வொரு தடவையும் அடுத்த வரியை மறந்து மற்றவர்களிடம் திட்டு வாங்கினார். நான் படிக்கும் வெளிநாட்டு நாவல்களில் இப்படி ஒரு கடை வரும். துறைமுகத்தில் இறங்கியவன் நேராக அங்கேதான் போவான். முன்பின் தெரியாதவர்கள் நகர்ந்து அவனுக்கு இடம் விடுவார்கள். ஏழாயிரம்பண்ணைக்கு வேலைக்குப் போகிற வேனில் அதைப் படித்துக்கொண்டே, கருவேலங்காட்டைத் தாண்டினால் கடல் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். அது அத்தானுக்குத் தெரியும். "நீ புஸ்தகத்துல படிக்கியே, அந்த மாதிரிக் கடை ஒண்ணு இருக்கு, வாலே" என்றுதான் கூட்டிவந்தார்.

திங்கட்கிழமை எங்கள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்தும் அறை வெடித்தது. உள்ளே வேலையில் இருந்த கற்பகவல்லியும் இன்னும் இரண்டு பேரும் செத்துப்போனார்கள். வெடித்தால் ஜாமீன் கிடைக்கும்வரை போர்மேன் ஊரில் இருப்பதில்லை. அதை யாரும் ஓடிப்போனதாகச் சொல்வதில்லை, 'வெளியூர் போயிருக்காக' என்பார்கள். போர்மேன் வேலை பார்ப்பது அத்தான். நான் லேபிள் ஒட்டுமிடத்தில் இருப்பவன். ஆனால் போன வருடம் என்னைப் போர்மேன் பரீட்சை எழுத வைத்தார். பாஸானதும் அந்த அறையின் வாசல் சுவரில் 'போர்மேன்: பெ. மாரிக்கண்ணன்' என்று எழுத வைத்தார். பெயின்ட் காய்வதற்குள் என் கூடப்பிறந்த அக்கா வீரலட்சுமியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். என் பெயர் அச்சில் வந்தது போல இருந்தது. அந்த அறைக்குள் ஒருநாள்கூட அவர் என்னை விட்டதில்லை.

"நாலு பேரு உக்கார வேண்டிய ரூம்ல ஏழு பேர உக்கார வச்சது நீங்க அத்தான்."

"சீசன்லே. ஆர்டர் நிக்குது, மொதலாளி வைக்கச் சொன்னாக, வச்சேன்." கள்ளை ஊற்றினார். "நீ ஒண்டிக்கட்ட. எனக்குப் பிள்ளைக இருக்குல்ல? நான் அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்புதேன். நீ இங்கனயே கெட. பெறவு வக்கீலு ஆள் அனுப்புவாரு, வந்து ஆஜராகு. ரெண்டு மாசம், அம்புட்டுத்தான்."

அப்படியென்றால் வெளியூர் போயிருப்பது நான் மட்டும்.

கடைக்காரர் அவித்த கப்பைக்கிழங்கு கொண்டுவந்து வைத்து, எந்த ஊர் என்று கேட்டார். அத்தான் சொன்னார்.

"சிவகாசியோ? அய்யோ, அடுப்பின்றே அடுத்து வரண்டா கேட்டோ, கட பொட்டும்!"

நாங்கள் அடுப்புப் பக்கம் போனால் கடை வெடித்துவிடுமாம். கடையே சிரித்தது. பாட்டை மறந்தவர் புரையேறி இருமினார். அத்தானும் சிரித்தார். திங்கட்கிழமை, கற்பகவல்லியின் தூக்குவாளியை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் பொழுது சாயும்வரை கையில் வைத்துக்கொண்டு நின்றவரும் இவர்தான்.

எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. புத்தகத்தை எடுக்கக் காலடியில் இருந்த பையைத் திறந்தேன். அக்கா அடுக்கிக் கொடுத்த பை. இரண்டு நாள் பயணம் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தோம். மேலே ஒரு சட்டை. அதன் கீழே இன்னொன்று. மொத்தம் நாலு சட்டை, மூன்று கைலி, என் போர்வை, பேப்பரில் சுற்றிய பருப்புப்பொடி. எல்லாவற்றுக்கும் அடியில், என் அலமாரியில் இருந்ததிலேயே தடியான மூன்று புத்தகங்கள்.

பாட்டு மறுபடி தொடங்கியிருந்தது. ஓலைக்கு வெளியே அலை வந்து, கவிழ்த்துப் போட்ட வள்ளம் வரை தொட்டுவிட்டுத் திரும்பியது. மேசையில், மீன்முள்ளுக்குப் பக்கத்தில், அத்தானின் செல்போன் இருந்தது.

"அத்தான், அக்காட்ட ஒரே ஒரு வார்த்த கேக்கணும். போன் போட்டுக் குடுங்க."