முடங்கின கை முதலில்

"அந்தக் கையைப் பிடிச்சு இழுக்காதீங்க தம்பி!"

அவள் போட்ட சத்தத்தில் கொழுந்தன் சட்டையை நழுவவிட்டான். அண்ணனுக்கு மூச்சு நின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாலு பேர் வருவதற்குள் நல்ல சட்டையாக மாட்டிவிடலாமே என்று, வலது கையை நுழைத்துவிட்டு இடது கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"முடங்கின கைதான் முதல்ல. எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"அண்ணி... இனிமே அண்ணனுக்கு வலிக்காது."

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுப்படிக்குப் போய் வெந்நீரில் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, மகா பிடிவாதம் பிடித்த கை அது. பக்கவாதம் வந்து சில வாரங்களில் மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. விரலை இழுத்தால் இன்னும் இறுகும். கட்டைவிரலை அடியில் பிடித்து மெல்ல விலக்கி, இளகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் மற்ற விரல்கள். நகம் குத்தாமலிருக்க உள்ளங்கையில் ஒரு துணிச்சுருள். தினமும் காலையில் இந்தக் கூத்துதான். "தொறந்து தொலையேன் சனியனே" என்று அந்தக் கையைத் திட்டுவாள். அவர் சிரிப்பார். பஸ் ஓட்டிய மனுஷன். கொட்டாவி விட்டால் அந்தக் கை தானாக மேலே கிளம்பும். "கியர் மாத்துறேன், தள்ளி உட்காருடி" என்பார்.

இப்போதும் கட்டிலில் உட்கார்ந்து துண்டைச் சுற்றினாள். கட்டைவிரலைப் பிடித்தாள். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. எல்லா விரல்களும் ஒன்றாக விரிந்துகொண்டன. அந்தக் கையில் யாரும் இல்லை.

இப்படித் திறக்க வேண்டும் என்றுதானே இத்தனை நாள் தவம் கிடந்தாள்?

"மூடுங்க" என்றாள் மெதுவாக. "என்னங்க, மூடுங்க."

விரல்களைத் தானே ஒவ்வொன்றாக மடக்கி, நடுவில் துணிச்சுருளை வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். பிடியை விட்டதும் விரல்கள் விரிந்தன. சுருள் தரையில் உருண்டது. எடுத்து வைத்தாள். மறுபடியும் உருண்டது.

கொழுந்தன் சட்டையை முழுதாகக் கழற்றி, முடங்கின கையை முதலில் நுழைத்து, அவள் சொல்லிக்கொடுத்த மாதிரியே மெல்ல மாட்டினான். ராத்திரி முழுக்கக் கண் விழித்தவன். கடைசிப் பொத்தானைப் போட்டதும் அடக்க முடியாமல் ஒரு கொட்டாவி விட்டான்.

அவள் சட்டென்று தள்ளி உட்கார்ந்தாள், அந்தக் கைக்கு இடம் விட்டு.