அழுத்தினால் நின்றுவிடும்

“இது லேடீஸுக்கு நல்லா போவுதுக்கா, ஸ்லிம்மா இருக்கும்” என்று கடைப்பெண் ரேவதி ரோஸ் நிற எலக்ட்ரிக் பிரஷ் ஒன்றை நீட்டினாள். வினிதா அதை இடது கையால் வாங்கினாள். வலது கை துப்பட்டாவுக்குள்ளேயே இருந்தது. அவளுடைய அண்ணன் ராஜேஷ்குமார் பக்கத்தில் நின்று, வண்டி வாங்க வந்தவன் போல பேட்டரி எத்தனை நாள் வரும், க்ளிப் போட்ட பல்லுக்கு எந்தத் தலை மாட்ட வேண்டும், வாரண்டி எதற்கெல்லாம் உண்டு என்று கேட்டுக்கொண்டிருந்தான். கொஞ்ச நாளாகப் போனில் பிரஷ்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்குக் கண் பூத்துவிட்டது. ரேவதி அவனுக்குத் தமிழிலும், பாகலூரிலிருந்து மிக்ஸி வாங்க வந்த அம்மாவுக்குத் தெலுங்கிலும் மாறி மாறிப் பதில் சொன்னாள். வெளியே ஓசூரின் ஓயாத தூறல்.

பல்லுக்கு க்ளிப் போட்டது கல்யாணத்துக்காக. விருதுநகர் பக்கம் சொந்த ஊரிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெண் கொஞ்சம் சிரித்தால் நன்றாயிருக்கும் என்று மட்டும் காப்பியைக் குடித்துவிட்டுச் சொன்னார்கள். அம்மா பேச்சியம்மாளுக்கு அது போதுமானதாக இருந்தது. மறு வாரமே மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். மாதம் ஒரு முறை போய்க் கம்பியை முறுக்கிக்கொண்டு வர வேண்டும். முறுக்கிய அன்று சோற்றைப் பிசைந்துதான் விழுங்க முடியும். வினிதா அதையும் சந்தோஷமாகத்தான் செய்தாள். மாதாமாதம் பல் நகர்வதைக் கண்ணாடியில் பார்ப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

அண்ணனும் தங்கையும் வேலை பார்த்தது இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற ஒரே பிரஸ் ஷாப்பில். அவன் டை என்கிற வெட்டு அச்சை மெஷினில் மாட்டுகிற செட்டர், அவள் ஆபரேட்டர். அவள் ஓட்டும் மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும், கை உள்ளே போகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பட்டனில் அட்டையை மடித்துச் செருகி டேப் ஒட்டிவிட்டால் ஒரு கை மிச்சமாகும், அந்தக் கையால் பீஸை எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கலாம், டார்கெட் சீக்கிரம் முடிந்துவிடும். எல்லோரும் செய்வதுதான். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவார். கம்பி முறுக்கப் போக வேண்டிய ஒரு நாள், தங்கை நேரத்தோடு கிளம்பட்டும் என்று ராஜேஷ்குமார்தான் வலது பக்கப் பட்டனில் அட்டையைச் செருகிக்கொடுத்தான்.

கம்பெனியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு விசாரிக்க வந்தவர்கள் யார் அட்டையைச் செருகியது என்று கேட்டபோது, நான்தான் சார் என்றாள் வினிதா. கட்டில் பக்கத்தில் நின்றிருந்த ராஜேஷ்குமார் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அதைப் பேசவில்லை. மாப்பிள்ளை வீட்டார் போனை எடுப்பதில்லை.

இடது கையால் பல் விளக்க அவளுக்கு இன்னும் வரவில்லை. பிரஷ் கம்பியில் இடித்து ஈறெல்லாம் ரத்தம், க்ளிப்பைச் சுற்றி அழுக்கு. இப்படியே போனால் அடுத்த முறை க்ளிப்பைக் கழற்றிவிடுவேன், இல்லையென்றால் பல் சொத்தையாகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எலக்ட்ரிக் பிரஷ் வாங்கிப் பாருங்கள் என்றதும் அவர்தான். பேச்சியம்மாளுக்கு அதில் மனமில்லை.

“கையே போயிருச்சு, இனி பல்லு நேரா இருந்து என்ன செய்யப் போகுது. கழட்டிட்டு வந்துரு தாயி” என்றாள்.

கழற்றினால் பல் பழைய இடத்துக்கே போய்விடும். தன்னிடம் இன்னும் நல்லபடியாக முடியக்கூடியது இது ஒன்றுதான் என்று வினிதாவுக்குப் பட்டது, அதை விட்டுவிட அவள் தயாராக இல்லை.

ரோஸ் பிரஷை மேசையில் வைத்துவிட்டு, “இதவிடத் தடியா இருக்குமா?” என்று கேட்டாள்.

“தடியா இருக்கறது ஜென்ட்ஸ் மாடல்க்கா.”

வினிதா துப்பட்டாவிலிருந்து வலது கையை எடுத்தாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்தன. ரேவதி அதைப் பார்த்துவிட்டுக் குனிந்து, கண்ணாடிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து தடித்த கறுப்பு பிரஷ் ஒன்றை எடுத்து, பிடி அவள் பக்கமாக இருக்கும்படி நீட்டினாள். வினிதா அதை இரண்டு விரலுக்கும் நடுவே அணைத்துப் பிடித்தாள். முதலில் நழுவியது. மறுபடி பிடித்தாள். கட்டைவிரல் பட்டனை எட்டியது. பிரஷ் உறுமத் தொடங்கியதும் தோள் வரைக்கும் அதிர்ந்தது, ஆனால் விழவில்லை.

“ஈறு கிழியுமோன்னு பயப்படாதீங்கக்கா. ரொம்ப அழுத்துனா அதுவே நின்னுடும்” என்றாள் ரேவதி.

“தானாவா?” என்றான் ராஜேஷ்குமார்.

“ஆமாண்ணா. உள்ளுக்கே அப்படி வெச்சிருக்காங்க.”

அவன் தங்கையிடமிருந்து பிரஷை வாங்கி, தன் வலது உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். நின்றது. விட்டான், ஓடியது. விரல்களின் அடியில் வைத்து இன்னும் பலமாக அழுத்தினான். அதுவும் நின்றது. பில் போடட்டுமா என்று ரேவதி கேட்டது அவன் காதில் விழவில்லை. விரல் விரலாக வைத்து அழுத்திக்கொண்டே இருந்தான். உள்ளங்கை சிவந்துவிட்டது.

“போதும்ணே” என்றாள் வினிதா.

அவன் நிமிரவில்லை. பிரஷ் ஓடியது, நின்றது, மறுபடியும் ஓடியது.