மிச்சம் பிடித்த சாலை

மருந்துக் கிடங்கின் வேன் ஓட்டுநர் அலுவலகத்துக்கு நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கிலோமீட்டர் கடன்பட்டிருந்தார். பணமாக இருந்தால் வட்டிக்கு வாங்கியாவது அடைத்திருப்பார்; தூரத்தைக் கடன் கொடுக்க ஆள் இல்லை. ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது. பாக்கி இல்லை என்று கணக்கர் எழுதித் தராவிட்டால் பென்ஷன் கிடையாது. இத்தனைக்கும் காரணம், அவருடைய அக்கா எழுத்துப் படித்ததுதான்.

அக்கா அதே கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவள். கூலி ஆட்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று இல்லாததால் அறுபதைத் தாண்டியும் ஏற்றிக்கொண்டிருந்தாள். வாரம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமை, பதினோரு சுகாதார நிலையங்களுக்கு ஒரே வேன். எந்த நிலையத்துக்கு முதலில் போக வேண்டும் என்பதற்கு அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருந்தது. எந்தக் கட்டடம் எந்த வருடம் திறக்கப்பட்டதோ அந்த வரிசையில் அது எழுதப்பட்டிருந்தது. மூத்தவருக்கு முதல் மரியாதை என்று நினைத்து எழுதியவர் செத்தே போய்விட்டார். அதனால் வேன் வடக்கே போய், தெற்கே வந்து, மறுபடி வடக்கே போய், ஒரே பாலத்தை ஒரே நாளில் நாலு தடவை கடந்தது. பாலத்தடியில் பெட்டிக்கடை வைத்திருந்தவர் ஒவ்வொரு தடவையும் கையசைத்து, தோள் பிசகி, கடைசியில் தலையை மட்டும் ஆட்டினார். பெட்டிகளில் இருந்த எண்ணைப் பார்த்து அக்கா பட்டியல்படியே ஏற்றினாள். எண்ணுக்குக் கீழே இருந்த எழுத்து அவளுக்குப் பூச்சி ஊர்ந்த தடம் மாதிரி.

அறுபதாம் வயதில் அந்தப் பூச்சிகள் நின்றன. சலைன் பெட்டியில் இருந்து ஒரு எழுத்து, பஞ்சுப் பொட்டலத்தில் இருந்து ஒரு எழுத்து என்று பொறுக்கிச் சேர்த்து, ஒன்றரை வருடத்தில் முகவரி படிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். படித்த முதல் நாளே, ஒன்றாம் எண்ணும் ஆறாம் எண்ணும் ஒரே தெருவில் இருப்பது தெரிந்தது. யாரிடமும் கேட்கவில்லை. கடைசியில் இறங்க வேண்டியதை உள்ளே தள்ளி, முதலில் இறங்க வேண்டியதைக் கதவோரம் வைத்தாள். தம்பி கைக்கு எது முதலில் வந்ததோ அதைக் கொடுத்துக்கொண்டே போனார். பாலத்தைப் போகையில் ஒருமுறை, வருகையில் ஒருமுறை கடந்தார். மதியச் சாப்பாட்டை முதன்முதலாக மதியத்தில் சாப்பிட்டார். பட்டியலில் இருநூற்றுப் பதினாலு கிலோமீட்டர். மீட்டரில் நூற்று முப்பத்தொன்று.

மீதி எண்பத்து மூன்று வேனுக்குள்ளேயே இருந்தது. அக்கா பின்கதவைத் திறந்தபோது பாய் மாதிரி சுருட்டிக் கிடந்தது: தார்ச்சாலை, நடுவில் வெள்ளைக்கோடு, இரண்டு இடத்தில் பாலத்தின் கைப்பிடி. வேகத்தடை இருந்த பகுதி மட்டும் புடைத்திருந்தது.

“என்னடா தம்பி இது?”

“என்னைக் கேட்டா? நான் ஓட்டுறவன். ஏத்துறவ நீதானே.”

தூக்கிப் பார்த்தாள். வீணாக ஓடிய தூரம் என்பதால் கனமே இல்லை, காகிதத்தைவிட மெலிசு. கொட்டகையில் சாத்தி வைத்தாள். அடுத்த செவ்வாயும் ஒன்று வந்தது. வருடக் கடைசியில் ஐம்பத்திரண்டு சுருள்.

வருடக் கணக்கு முடிக்க வந்த கணக்கர் நல்ல மனிதர்தான். பட்டியலை அக்காவின் வரிசைக்கே மாற்றி எழுதினார். அத்தோடு சுருள் வருவது நின்றது. ஆனால் பழைய வருடத்துப் பட்டியலை அவரால் மாற்ற முடியாது. “ஓட்டாத அந்தத் தூரம் உங்க தலையிலதான் விழும்” என்றார் தம்பியிடம்.

“கொட்டகையில அடுக்கி வச்சிருக்கு சார். எண்ணிப் பாத்துக்குங்க.”

“எண்ணினா அது சரக்கு. வண்டி ஓடினாத்தான் தூரம்.”

அன்று தம்பி அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. “இத்தனை வருஷம் படிக்காம இருந்த. இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கக் கூடாதாக்கா?” என்று மட்டும் கேட்டார். அவள் பெட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மலைக்குப் பின்னால் இன்னொரு சுகாதார நிலையம் இருந்தது. சாலை இல்லாததால் பட்டியலில் அதற்கு எண் இல்லை. அங்கிருந்த நர்ஸ் பதினேழு கிலோமீட்டர் நடந்து ஏழாம் எண்ணுக்கு வந்து, தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்புவாள். போய்ச் சேர்வதற்குள் ஐஸ் தண்ணீராகி, பாதி மருந்து குப்பைக்குப் போகும். அதைப் பற்றிச் சண்டை போடத்தான் அவள் கிடங்குக்கு வந்தாள். கால் வலியில் ஒரு சுருள்மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சண்டை மறந்துபோனது.

“இது யாருக்குமே வேணாமாக்கா?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி அக்காவைப் பார்த்தார்.

வாரம் நாலு சுருளாக, பதின்மூன்று செவ்வாயில் அத்தனையும் ஏழாம் எண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து மலைப்பாதையில் விரித்தார்கள். ஒரு அடுக்கு ஆட்டுக்குட்டியைக்கூடத் தாங்கவில்லை. பெட்டி அறுக்கிற கத்தியால் பதினேழு பதினேழாக அறுத்து, ஒட்டுப் போட்டு, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இருநூறு அடுக்கில் சைக்கிள் போனது. இருநூற்று ஐம்பத்து மூன்றில் வேன் போனது. எல்லா வேகத்தடையும் எப்படியோ ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டதால் அங்கே ஒரு சின்னக் குன்று இருக்கிறது. ஓட்டுகிறவர்கள் முதல் கியரில் ஏறிக்கொள்கிறார்கள்.

கணக்கர் வேனில் போய்ப் பார்த்தார். ஓரத்தில் குத்துக்காலிட்டு, அடுக்குகளை நோட்டுக்கட்டு எண்ணுவது போல் கட்டைவிரலால் எண்ணினார். இப்போது இதன்மேல் வண்டி ஓடுவதால் இது தூரம்தான் என்று ஒப்புக்கொண்டு பெருக்கினார். நாலாயிரத்து முந்நூற்று ஒன்று வந்தது. பதினைந்து கிலோமீட்டர் இடித்தது. ஒரு அடுக்குக்குக்கூடப் பத்தாத அந்தத் துண்டு கொட்டகையில் கிடந்தது. கணக்கர் பேனாவைக் காதில் செருகினார். நர்ஸ் கொண்டுவந்த தண்ணீரில் ஐஸ் மிதந்தது. அதைக் குடித்துவிட்டு எழுதினார்.

சான்று வந்த அன்று தம்பிக்குக் கண்ணாடி கிடைக்கவில்லை. அக்காதான் எழுத்துக் கூட்டிப் படித்தாள். “பாக்கி... பதினைந்து கிலோமீட்டர்... தேய்மானம். ஆக, இவரிடமிருந்து... வர வேண்டியது... ஒன்றுமில்லை.”

“இன்னொரு தடவ படி.”

படித்தாள். பிறகு அந்தப் பதினைந்து கிலோமீட்டர் சுருளை வேனின் பின்கதவுக்குக் கீழே உருட்டி, படி மாதிரி அதன்மேல் ஏறி நின்று, மலைக்குப் பின்னால் இறங்க வேண்டிய பன்னிரண்டாம் எண் பெட்டியை ஏழாம் எண் பெட்டிக்குப் பின்னால், உள்பக்கமாகத் தள்ளி வைத்தாள். உயரம் சரியாக இருந்தது.