ஒரு குரலுக்கு ரெண்டு ஈக்வலைசர்

உங்கள் குரலை நீங்களே பதிவு செய்து கேட்டுவிட்டு, “சீ, இதுவா நான்?” என்று முகம் சுளித்ததுண்டா?

அன்று மத்தியானம், பதிவான பாட்டுகளின் ஒலியைச் சீராக்கித் தரும் மிக்ஸிங்காரரின் மனைவி அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். பல வருஷமாகக் கோரஸில் பின்வரிசையில் நின்று பாடியவள், முதல் தடவையாக ஒரு டி.வி. தொடருக்குத் தனியாகப் பாடியிருந்தாள். பாட்டைக் கேட்ட இசையமைப்பாளர், “கொரல் மூக்கடைச்ச மாதிரி இருக்கும்மா. நாளைக்குக் காலைல சரி பண்ணி அனுப்புங்க, இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்” என்று போனில் சொல்லிவிட்டார்.

படுக்கையறை மூலைதான் மிக்ஸிங்காரரின் ஸ்டுடியோ. எதிரொலி வராமல் இருக்கக் கட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். குரலில் குத்துவதைக் குறைத்து அமுங்கியதைத் தூக்கிவிட, மென்பொருளோடு கூடவே வந்த ஈக்வலைசர் ஒன்று அவரிடம் உண்டு. பார்க்க மட்டும் பழைய கால்குலேட்டர் மாதிரி இருக்கும்.

மேடைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கும் மச்சினன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

“மாமா, ஓசில வந்தத வச்சா எங்க அக்கா கொரல சரி பண்ணப் போறீங்க? தள்ளுங்க, நான் வாங்கினதப் போடறேன்.”

“போடு மாப்ள. உன் பவுசையும் பாத்துடுவோம்.”

புது ஈக்வலைசர் திரை நிறைய விரிந்தது. குரல் அதில் நீலக் கோடாக நெளிந்து ஆடியது. மிக்ஸிங்காரர் ஓர் இடத்தை இறக்கினார், இன்னோர் இடத்தை ஏற்றினார். ஒவ்வொரு இழுப்புக்கும் மச்சினன் தொடையைத் தட்டினான்.

“கேட்டீங்களா? மூக்கு போயே போச்சு!”

“ஆமா மாப்ள, பட்டு மாதிரி இருக்கு.”

அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் கேட்டது.

மனைவி எழுந்து வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டாள். “நான் சுவரப் பாத்து உக்காந்துக்கறேன். திருத்தாததையும் திருத்தினதையும் மாத்தி மாத்திப் போடுங்க. எது எதுன்னு வாயத் தொறக்கக் கூடாது.”

முதலில் திருத்தாத மூலப் பதிவைப் போட்டார். பிறகு திருத்தியதைப் போட்டார்.

“ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டுலயும் எனக்கு ஜலதோஷம்.”

“அக்கா, உனக்குப் பாட வரும், கேக்க வராது.”

அவள் வந்து திரையை உற்றுப் பார்த்தாள். “அது கெடக்கட்டும். இந்த பட்டன் மட்டும் ஏன் வெளுத்துப்போயி இருக்கு?”

மிக்ஸிங்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. ஆரம்பத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஈக்வலைசரை அணைத்தவர், திரும்பப் போட மறந்திருந்தார். அணைத்தாலும் அந்த நீலக் கோடு பாட்டுக்கு ஆடிக்கொண்டுதான் இருக்கும். இத்தனை நேரமும் மாமனும் மச்சினனும் உருகி உருகிக் கேட்டது வெறும் குரலை.

பட்டனைத் தட்டினார். அதுவரை இழுத்ததெல்லாம் ஒன்றாக வேலை செய்ய, குரல் தகர டப்பாவுக்குள் போய் விழுந்தது.

“இதுதான் உங்க பட்டா?” கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மத்தியானத்துக்கு அப்புறம் அவள் சிரித்தது அப்போதுதான்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். புது ஈக்வலைசரில் ஒரே ஒரு புள்ளியை உயரத் தூக்கி மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். ஓர் இடத்தில் மூக்கு அலறியது. “அங்கதான்! அங்கயே நில்லுங்க!” என்று மனைவி கத்தினாள். அந்த இடத்தைக் கொஞ்சம் இறக்கினார். பழைய ஈக்வலைசரிலும் அதே இடத்தை அதே அளவு இறக்கி, சத்தத்தையும் சமமாக வைத்து, இரண்டையும் போட்டுக் காட்டினார்.

“இப்பவும் ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ஜலதோஷம் போயிடுச்சு.”

“அப்ப நான் வாங்கினது தண்டமா?” மச்சினன் குரல் இறங்கியது.

“சேச்சே, எடத்தக் காட்டிக் குடுத்ததே உன்னோடதுதான மாப்ள. ஆனா நம்ம கம்ப்யூட்டர் அதுக்கு மூச்சு வாங்குது. வேலைக்குப் பழசே இருக்கட்டும்.”

“ஒண்ணு கேக்கறேன்” என்றாள் மனைவி. “பட்டு பட்டுன்னீங்களே, அப்ப ஒண்ணும் பண்ணாமயே என் கொரல் நல்லாத்தான் இருந்துச்சா?”

“மாட்டினீங்களா மாமா!”

மிக்ஸிங்காரர் ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை பாட்டை அனுப்பினார்கள். “இது போதும், இதையே வச்சுக்கறேன்” என்று இசையமைப்பாளர் பதில் போட்டார். மிக்ஸிங்காரர் மெத்தையைச் சுவரிலிருந்து எடுத்துக் கட்டிலில் போட்டார்.