கந்தளாய்க் குளத்து மாப்பிள்ளை

குளத்து மீனை என் குசினிச் சட்டியில் நான் ஒரு நாளும் ஏற்றியதில்லை. கொட்டியாரக் குடாவில் வள்ளம் விடுகிற குடும்பம் நாங்கள். பாரை, அறுக்குளா என்று கடல் மீனே தின்று வளர்ந்த எனக்கு, சேற்று விரால் பிடித்துத் திரிகிறவன் மருமகனா? என் வீட்டுக்காரர் ஸைனுலாப்தீன் அந்தக் கதையை எடுத்த அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

"இஞ்ச பாருங்க, உங்களுக்கு மூளை கீளை பிசகிட்டா?"

"தங்கமான பொடியன் புள்ள. ஒருக்காப் பார்த்தா நீயும் சொல்லுவாய்" என்றார்.

வள்ளத்துக்குப் பலகை வாங்கக் கந்தளாய்க்குப் போன மனுசன், அங்கே தாஹிர் என்கிற ஒருவனைக் கண்டு மயங்கிப்போய் வந்திருந்தார். திருகோணமலையிலிருந்தும் சீனன்குடாவிலிருந்தும் தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிற ஆட்களைத் தன் தோணியில் ஏற்றி, மீன் நிற்கிற இடங்களுக்குக் கூட்டிப்போய் வருவதுதான் தாஹிருக்குத் தொழில். அதுவும் ஒரு தொழிலா என்று நான் கேட்காத நாளில்லை. மனுசனோ என் காதுக்குள்ளேயே ஓதிக்கொண்டிருந்தார். கடைசியில், தொல்லை தாங்காமல், "சரி, கேட்டுத்தான் பாருங்களன்" என்றேன்.

எங்கள் கிண்ணியாப் பக்கத்தில் மாப்பிள்ளை கேட்டுப் போவது பெண்வீட்டார்தான். வீடு கட்டிக் கொடுப்பதும் பெண்வீட்டார்தான். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியேறுவான். ஜெஸீமா எனக்கு ஒரே பிள்ளை. அவள் தவழ்ந்த காலத்திலேயே எங்கள் வளவில் அவளுக்கென்று ஒரு துண்டை ஒதுக்கி வைத்தேன். பாய் இழைத்து விற்றும் சீட்டுப் பிடித்தும் யன்னல் மட்டம் வரை சுவரை எழுப்பிவிட்டேன். பாணுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. சீமெந்து கிடைக்காமல் வேலை நின்றிருந்தது. ஆனாலும் குசினி எந்தப் பக்கம், அலுமாரி எந்த மூலை என்பதெல்லாம் என் மனதில் முடிந்த காரியம்.

அப்படியிருக்க, தாஹிரிடமிருந்து வந்த பதிலைக் கேளுங்கள். கலியாணத்துக்குச் சம்மதமாம். ஆனால் குளத்தை விட்டுக் கிண்ணியாவுக்கு வர ஏலாதாம். பெண் கந்தளாய்க்கு வந்து இருக்கட்டுமாம்!

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் நிற்கும். அன்றைக்கு அது உச்சிக்கே ஏறிவிட்டது. என் ஒரே பிள்ளையைக் காட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் எழுப்பின சுவருக்குள் ஆடு கட்டுவதா? நேரே போய் அவன் முகத்துக்கு முன்னால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு, அந்தப் பேச்சை அங்கேயே முறித்துவிட்டு வருவது என்று முடிவெடுத்தேன். ஜெஸீமா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். குருநாய், அந்த நொய்யரிசி போகப் புடைக்க அவளுக்கு எங்கே தெரியும்? சுளகைப் பறித்து நானே புடைத்துக் கொட்டிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு புறப்பட்டேன். மனுசனும் பின்னால் வந்தார்.

துறையில் பாதை என்கிற மிதவையில் ஏறி ஆற்றைக் கடந்து, சீனன்குடாச் சந்தியில் பஸ் மாறினோம். கப்பல்துறை தாண்டி, காடு தாண்டி, கந்தளாயில் இறங்கும்வரை கேட்க வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். குளக்கட்டில் ஏறினவள் அப்படியே நின்றுவிட்டேன்.

யா அல்லாஹ்! நான் கடல் பார்த்து வளர்ந்தவள். கடல் ஒரு நேரம் சும்மா கிடக்காது. இது வானத்தின் அளவுக்கு விரிந்து, ஒரு சத்தமும் இல்லாமல் கிடந்தது. அக்கரையில் நீல மலைகள். அவை தண்ணீருக்குள்ளும் தலைகீழாக நின்றன. பட்டுப்போன மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. கரையோரம் முழுக்கத் தாமரை. இப்படி ஒன்று பஸ் ஏறிப் போகிற தூரத்தில் இருந்தும், இத்தனை வயதுவரை பார்க்காமல் இருந்துவிட்டேனே என்று மனது அடித்துக்கொண்டது. அதை மனுசனிடம் சொல்லுவேனா? "வெயில் கொளுத்துது" என்று மட்டும் சொன்னேன்.

கட்டுக்குக் கீழே ஒரு தோணி. அதைப் பிடித்தபடி முழங்கால் தண்ணீரில் நின்றவன்தான் தாஹிர். கறுத்த, ஒடிசலான ஆள். என்னைக் கண்டதும் சலாம் சொல்லி, "வாங்க மாமி" என்றான்.

"யாருக்குடா மாமி? உன்னோட கதைக்கத்தான் வந்தனான்."

"கதைப்பம் மாமி. இந்த ஐயாவக் கூட்டிட்டுப் போயிட்டு வந்து, நீங்க சொல்றதெல்லாம் கேக்கிறன். அவர் எனக்கு முதல் வந்தவர்."

அவன் காட்டிய ஐயா ஏற்கெனவே தோணியில் இருந்தார். பெயர் இராசதுரை. துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வெடுத்தவர், லிங்கநகரில் வீடு. பாரிசவாதம் வந்து வலது கை விளங்காமல் போய், இப்போதுதான் கொஞ்சம் அசைகிறது. அந்தக் கை மடியில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

கரையில் காத்து நிற்க நான் என்ன கடன் கேட்டு வந்தவளா? "நாங்களும் ஏறுறம்" என்றேன். இராசதுரை சிரித்து, "ஏறுங்கோ, எனக்கும் துணைதானே" என்றார். மனுசன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் தாஹிர் மெதுவாகச் சொன்னான்.

"மாமி, ஒண்டு மட்டும். தோணிக்குள்ள சத்தமாக் கதைக்கப்படா. விரால் அடியில தாண்டு போயிடும்."

என்னையா! வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறான்! என் மனுசன் சிரிப்பை அடக்க மறுபக்கம் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன். வீட்டுக்குப் போய்க் கவனித்துக்கொள்கிறேன் என்று வைத்துக்கொண்டேன்.

தாமரைக்கும் பட்டமரங்களுக்கும் நடுவே தாஹிர் தோணியைக் கம்பால் ஊன்றித் தள்ளிக்கொண்டு போனான். இராசதுரை இடது கையால் தூண்டிலை வீசினார். அது தோணியைத் தாண்டினதும் தொப்பென்று விழுந்தது. மறுபடியும் வீசினார். மறுபடியும் தொப். நான் என்றால் அப்போதே பிடுங்கி நானே வீசியிருப்பேன். தாஹிர் தூண்டிலைத் தொடவே இல்லை. "நல்லம் ஐயா" என்று சொல்லிவிட்டு, தோணியை மெல்லத் திருப்பி, பின்பக்கமாக இலைகளுக்குள் நுழைத்தான். எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவரால் எறிய முடிகிற அந்தச் சின்னத் தூரத்துக்குள்ளே மீன் நிற்கிற இடம் வருகிற மாதிரி, இவன் தோணியைக் கொண்டுபோய் வைக்கிறான். வீச்சுக்கு வீச்சு தோணியை நகர்த்தினான். வேர்வை முதுகில் ஓடியது. ஒரு சலிப்பு, ஒரு பெருமூச்சு? ஒன்றும் இல்லை. என்ன பொறுமையடா இவனுக்கு என்று கோபத்தோடேயே வியந்தேன்.

திடீரென்று இலைக்கடியில் தண்ணீர் பொளக்கென்றது. தூண்டில் வளைந்தது. என் தொடை பருமனில் ஒரு விரால் புரண்டு முதுகைக் காட்டியது. பொய்யில்லை, என் மனுசனும் பார்த்தவர்தான். இராசதுரையின் வலது கை நூல் சுற்றுகிற பிடியைத் தேடித் தேடி வழுக்கியது.

"விடுங்க ஐயா... ஓடட்டும்... இப்பச் சுத்துங்க" என்று தாஹிர் அடங்கின குரலில் சொல்லிக்கொண்டு, மீன் போகிற பக்கமெல்லாம் தோணியைக் கொண்டுபோனான். என்னால் ஏலவில்லை. "டேய், அவருக்குக் கை ஏலாதுடா! வாங்கி இழுடா!" என்று கத்திக்கொண்டு எழும்பி, நானே தூண்டிலை எட்டிப் பிடித்தேன். தோணி ஒரு ஆட்டம் ஆடியது. நூல் பட்டமரத்தில் சிக்கி, டப்பென்று அறுந்துபோனது.

யாராவது திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருப்பேன். தாஹிர் என்னைப் பார்த்து, "மாமி, அது அவர்ர மீன்" என்றான். அவ்வளவுதான். அதில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை.

பிறகு புதுத் தூண்டில் முள்ளை எடுத்தான். நூலின் ஒரு நுனியை அவன் பிடித்துக்கொண்டான். மறு நுனியை இராசதுரை இடது கையாலும் பல்லாலும் முள்ளில் முடிந்தார். முடிச்சு அவிழ்ந்தது. திரும்ப முடிந்தார். அதுவும் அவிழ்ந்தது. என் கை துறுதுறுத்தது. தோணியின் விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அக்கரை மலைப் பக்கம் பறந்த ஏதோ ஒரு கொக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று வையுங்கள். கொக்கு ஒன்றும் பறக்கவில்லை, நான் எங்கேயாவது பார்க்க வேண்டியிருந்தது.

வெயில் சாயத் தொடங்கினபோது இன்னொன்று கொத்தியது. முதல் விராலில் பாதிதான் இருக்கும். இந்த முறை நான் மூச்சுக்கூட விடவில்லை. கொஞ்சம் விட்டு, கொஞ்சம் சுற்றி, வழுக்கி, திரும்பப் பிடித்து, இராசதுரை அதைத் தோணியோரம் கொண்டுவந்துவிட்டார். தாஹிர் அப்போதும் கையை நீட்டவில்லை. வலையை அவர் இடது கையில் கொடுத்துவிட்டு, தோணி ஆடாமல் தன் உடம்பை மறுபக்கம் சாய்த்துக்கொண்டான். விரால் உள்ளே வந்து விழுந்து துடித்தது. "அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியது நான்தான். தாஹிரும் சிரித்துவிட்டான்.

இராசதுரை சிரிக்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கட வீட்டில எனக்கு நல்ல கவனிப்பு, தங்கச்சி" என்றார் என்னிடம். "குறை சொல்ல ஏலாது. ஆனா கவனிச்சுக் கவனிச்சே என்னை ஒண்டுக்கும் ஏலாதவனாக்கிப் போட்டினம். சட்டைப் பொத்தான் போடவும் விடாயினம். இண்டைக்கு இந்த மீனை நான் பிடிச்சனான். நானே பிடிச்சனான்."

ஜெஸீமா கையிலிருந்து நான் பறித்த சுளகு எனக்கு நினைவுக்கு வந்தது. ஏன் என்று அந்த நேரம் தெரியவில்லை.

கரையில் இராசதுரை தானாகவே இறங்கினார், தாஹிர் தோணியை மட்டும் அசையாமல் பிடித்துக்கொண்டான். அவரை பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு வந்து என் முன்னால் நின்றான்.

"இப்பக் கதைங்க மாமி."

அடுக்கி வைத்த வார்த்தைகளைத் தேடினேன். ஒன்றையும் காணவில்லை. உண்மையைச் சொல்ல எனக்கு என்ன பயம்? அவனை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்காமல், "ஏன் நீ கிண்ணியாவுக்கு வர ஏலாது?" என்றேன்.

"வந்தா மாமாட வள்ளத்தில ஒரு மூலையில நிப்பன் மாமி. இஞ்ச நான் ஒரு ஆள்" என்றான். பிறகு தயங்கி, "அவங்க என்ன சொல்றாங்க? ஜெஸீமா?" என்று கேட்டான்.

என் மனுசன் முந்திக்கொண்டார். "அவள் என்ன சொல்ற? உம்மாக்கு விருப்பம்னா அவளுக்கும் விருப்பம்தான்."

இதே வசனத்தை ஊரில் எத்தனை பேரிடம் நான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! அன்றைக்குக் குளக்கட்டில் நின்று அதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வீட்ட போய்க் கேட்டுச் சொல்லி அனுப்புறன் தம்பி" என்றேன். மனுசன் என்னைப் புதிதாகப் பார்க்கிறவர் மாதிரிப் பார்த்தார்.

நாங்கள் வீட்டுக்கு வரும்போது ஜெஸீமா விளக்குக் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். போன காரியம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவளை முன்னால் இருத்தி, தாஹிரைப் பற்றியும், அவன் வர மறுக்கிறதைப் பற்றியும், அந்தக் குளத்தைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"உனக்கு என்ன விருப்பம் மகள்? அந்தப் பொடியன் வேணுமா, வேணாமா? வேணுமெண்டா வீடு இஞ்சயா, அங்கயா?"

அவள் என்னைப் பார்த்தாள். தனக்குப் பின்னால் வேறு யாரும் நிற்கிறார்களா என்று திரும்பியும் பார்த்தாள். "என்னட்டயா உம்மா கேக்கிறீங்க?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. "ஓம் மகள், உன்னட்டத்தான்."

அவள் யோசித்தாள். யோசித்துக்கொண்டே இருந்தாள். சொல்ல வேண்டிய பதில் முழுவதும் என் நாக்கு நுனியில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான்.

"எனக்கு அந்தக் குளத்தப் பார்க்கணும்" என்றாள் கடைசியில். "அவரையும் பார்க்கணும். பார்த்துட்டுத்தான் சொல்லுவன்."

கலியாணத்துக்கு முன் பெண் போய் மாப்பிள்ளையைப் பார்த்த கதை எங்கள் ஊரில் இல்லை. ஊர் என்ன கதைக்கும் என்பது தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். "சரி. நாளைக்கே போவம். நான் கூட்டிட்டுப் போறன்."

"நீங்க வேணாம் உம்மா" என்றாள் ஜெஸீமா. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் வாப்பாவோட போறன்."

சுருக்கென்று குத்தியது. பெற்று வளர்த்தவளை வேண்டாம் என்கிறாள்! மனுசன் இப்போது இடி விழும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கோ கண் நிறைந்துவிட்டது. வலித்ததா, பெருமையாக இருந்ததா என்று கேட்டால், இரண்டும்தான். இந்தப் பிள்ளைக்குள் இப்படி ஒரு பிள்ளை இருந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"போயிட்டு வா மகள்" என்றேன்.